குளிரில்லாத கரையில் பூச்சிப் படம்

பூச்சிகளை நெருங்கிப் படமெடுக்கக் கற்றுத்தரும் நூல் எதைத் திறந்தாலும் தொடக்கத்திலேயே ஒரு புத்திமதி இருக்கும். விடியுமுன் எழும்பிப் போ, இரவுக் குளிரில் விறைத்த பூச்சி பறக்கமாட்டாமல் புல்லில் தொங்கிக்கொண்டிருக்கும், பனித்துளியோடு ஆறுதலாக எடுக்கலாம் என்று. இங்கிலாந்திலோ ஜேர்மனியிலோ இருந்து எழுதியவர்களுக்கு இது உண்மை. அங்கே கோடை விடியலிலும் வெப்பநிலை 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவதுண்டு. வெயிலில் உடலைச் சூடாக்கிக்கொள்ளாத தும்பியால் அந்தக் குளிரில் எழும்பவே முடியாது. திருகோணமலையில் ஆண்டிலேயே குளிர்ந்த மார்கழி, தை விடியலிலும் வெப்பமானி 24 பாகையை ஒட்டித்தான் நிற்கும். கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரையோ வீட்டுச் சுவரின் சூடு விடிந்தும் ஆறாது. 24 பாகை நமக்குச் சால்வை தேடும் குளிராக இருக்கலாம், பூச்சிக்கு அது வேலை செய்யப் போதுமான வெப்பம். உவர்மலை வேலியோரத்தில் விடிந்தும் விடியாத வேளையில் கலைக்கப்பட்ட தும்பியும் சுணங்காமல் பறந்துவிடும். நூலை நம்பிப் போனவர் முதலில் தன் கைப்பக்குவத்தைச் சந்தேகிக்கிறார், பிறகு லென்ஸை மாற்றுகிறார், கடைசியில் யாரோ சொல்லக் கேட்டுப் பூச்சியைப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறார். நூல் சொன்ன குளிர் ஊரில் இல்லை. ஆகவே அதைச் சமையலறையிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

அந்தப் பெட்டி தேவையில்லை என்பதுதான் என் வாதம். இரக்கத்தை முன்வைத்து மட்டும் இதைச் சொல்லவில்லை, படத்தின் தரத்தை முன்வைத்தே சொல்கிறேன். அசைவற்றிருக்கும் வேளை வெப்பமான ஊர்ப் பூச்சிக்கும் உண்டு. அது குளிரால் வருவதில்லை. தூக்கத்தில், இரைக்காகப் பதுங்குவதில், தோலுரிப்பதில், உண்பதில் வருகிறது. ஒவ்வோர் உயிருக்கும் இந்த வேளைகள் வேறு, ஒவ்வொரு காற்றுக்காலத்திலும் இடம் வேறு. அவற்றைத் தெரிந்துகொண்டு கமெராவையும் வெளிச்சத்தையும் அவற்றுக்கேற்ப அடுக்குவதே இங்கு நெருக்கப் படக்கலையின் முக்கால் பங்கு. லென்ஸ் வாங்குவது மிச்சக் காற்பங்கு.

அசைவின்மைக்கு ஏன் இத்தனை விலை என்பதைக் கணக்கில் பார்த்துவிட வேண்டும். பூச்சி எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகவே சென்சரில் விழும் நிலையை 1:1 என்கிறோம். 36 மில்லிமீற்றர் அகலச் சென்சர் உள்ள கமெராவில், துவாரத்தை எஃப் 11க்குச் சுருக்கி 1:1 அளவில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 1.3 மில்லிமீற்றர். அதை இரட்டிப்பாகப் பெருக்கினால் அரை மில்லிமீற்றர்தான் தேறும். கண் தெளிவாக இருந்தால் உணர்கொம்பு மங்கும், உணர்கொம்பு தெளிந்தால் கண் போய்விடும். துவாரத்தை இன்னும் சுருக்கலாமே என்று தோன்றும். ஆனால் நெருக்கத்தில் துவாரத்தின் உண்மை அளவு மாறிவிடுகிறது. 1:1இல் எஃப் 16 என்று வைப்பது எஃப் 32 போல வேலை செய்யும். அந்தச் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே சற்று மென்மையாகிவிடும். ஆழத்தைக் கூட்டப் போய்க் கூர்மையை இழப்பதுதான் மிச்சம். போகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றாக்கும் முறை இதற்கு விடை. அதற்கோ பூச்சி அத்தனை படங்களுக்கும் ஒரே நிலையில் இருந்தாக வேண்டும்.

காற்றைப் பொறுத்தவரை கணக்கு வேறு. மெல்லிய காற்றில் ஆடும் புல் செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் நகர்வதாக வைத்துக்கொள்வோம். 1/200 செக்கன் ஷட்டரில் அது அரை மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். 1:1இல் சென்சரின் மேலும் அதே அரை மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ நூறு புள்ளி இழுப்பு. படம் குப்பை. பிளாஷை அதன் முழு வலுவில் விடாமல் 1/32 அளவுக்குக் குறைத்தால் அது எரியும் நேரம் சுமார் 1/10,000 செக்கன்தான். அந்த நேரத்தில் புல் நகர்வது நூறில் ஒரு மில்லிமீற்றர், கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆகவே காற்றாட்டத்தை பிளாஷ் வெல்லும். தெளிவின் ஆழத்தை அது ஒன்றும் செய்யாது, பூச்சி திரும்பிப் பார்ப்பதையும் நடப்பதையும் நிறுத்தாது. ஆழத்தை வெல்வதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சென்சரும் பூச்சியின் உடலும் ஒரே தளத்தில் கிடக்கும்படி கமெராவைத் திருப்பிக்கொண்டால் 1.3 மில்லிமீற்றரே தாராளம். சிறகை மூடிய வண்ணத்துப்பூச்சியும் தண்டில் நீட்டிப் படுத்த தேனீயும் அப்படி ஒரு தட்டையான தளத்தைத் தருகின்றன. அந்தத் தளத்தைத் தேடிக் கமெராவைப் பாகை பாகையாகத் திருப்ப அவகாசம் வேண்டும். அவகாசம் தருவது அதன் ஓய்வு. எந்தப் பக்கம் சுற்றினாலும் கணக்கு அங்கேயே வந்து நிற்கிறது.

குளிர்ப்பெட்டிக்காரரின் வாதத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. பத்து நிமிடம் வைத்து எடுத்தால் பூச்சி அசையாது, இருபது படம் அடுக்கலாம், பிறகு அது சூடாகிப் பறந்துவிடும், யாருக்கு என்ன நட்டம் என்பார். பறந்து போனதைத்தான் அவர் பார்க்கிறார், அதற்குப் பின் அது இரை பிடித்ததா, முட்டையிட்டதா என்பதை அல்ல. அந்தப் பெட்டியின் 4 பாகை, இந்தக் கரையோரச் சமவெளிப் பூச்சியின் மூதாதையர் எவரும் சந்தித்திராத குளிர். வெப்பவலயப் பூச்சிகள் குளிர்நாட்டுப் பூச்சிகளைவிட அதிக வெப்பநிலையிலேயே மயங்கி விழுகின்றன, உறைநிலைக்கு மேலுள்ள குளிரே அவற்றைக் காயப்படுத்தக்கூடும். இதையும் ஒதுக்கிவிட்டு, படத்தை மட்டும் பார்ப்போம். குளிரில் மயங்கிய பூச்சி தூங்கும் பூச்சி போல இருப்பதில்லை. கால்கள் உள்மடங்கும், உணர்கொம்புகள் சோரும், இலையைப் பற்றுவது நின்று அதன் மேல் வைக்கப்பட்டதாகிவிடும். பூச்சிகளோடு பழகிய கண்ணுக்கு அது சடலத்தின் படமாகவே தெரியும்.

முசுறைப் போல வேடம் போடும் குதிக்கும் சிலந்தி இதற்கு நல்ல சான்று. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செம்முசுறுகளின் நடுவிலேயே அது திரியும். இலங்கையில் கிடைத்த மாதிரிகளை வைத்து ஒக்டேவியஸ் பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் 1869இல் விவரித்த இனம் இது. எறும்பின் இடுப்பு, எறும்பின் நிறம், எறும்பின் நடை எல்லாம் அதற்கு உண்டு. எட்டுக் கால்களில் முன்னிரண்டைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கும். ஆண் சிலந்திக்கு முன்னோக்கி நீண்ட பெரிய தாடைகள். பார்ப்பதற்கு ஒரு முசுறு இன்னொரு சிறு முசுறைக் கவ்விக்கொண்டு போவது போலிருக்கும். இந்தச் சிலந்தியைக் குளிரவைத்தால் முன்கால்கள் மற்றக் கால்களோடு சேர்ந்து மடங்கிவிடும், வேடம் கலைந்துவிடும், மிஞ்சுவது செந்நிறச் சிலந்தி ஒன்று. படமெடுக்கத் தகுந்தது எதுவோ அதையே குளிர் அழித்துவிட்டது. மாறாக, குதிக்கும் சிலந்திகள் இலையடியில் சிறு பட்டு அறை நெய்து இரவில் அதற்குள் தங்குபவை. அந்த அறையைப் பகலில் கண்டு வைத்தால், மாலையில் அதன் வாசலில் நின்று நிதானிக்கும் சில கணங்கள் கிடைக்கும். கால் தூக்கிய நிலையிலேயே ஒற்றைப் படம், சிறு வலு பிளாஷ், அது போதும். அடுக்கிய இருபது படத்தில் வராத செய்தி இந்த ஒன்றில் வரும்.

படம் அடுக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பிரித்தானியப் படக்கலைஞர் லெவன் பிஸ் 2016இல் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்கள் ஒவ்வொன்றும் 8,000 முதல் 10,000 வரையான படங்களை இணைத்து ஆக்கியவை. அவை ஒக்ஸ்போர்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊசியில் குத்தி வைத்த மாதிரிகள் என்பதை அவர் மறைக்கவில்லை. இறந்ததை இறந்தது என்று சொல்லிக் காட்டும்போது அந்த முறைக்கு முழு நியாயமும் உண்டு. பெட்டியில் மயங்கியதை இலையில் வைத்து, பின்னால் பச்சைத்தாள் பிடித்து, இயற்கையில் எடுத்தது என்று தலைப்பிடுவதுதான் வேறு கதை.

இனி அந்த வேளைகளுக்கு வருவோம். நீலப்பட்டித் தேனீயின் ஆண்கள் பொழுது சாயும் நேரம் காய்ந்த மெல்லிய தண்டொன்றைத் தெரிந்து, தாடையால் அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, கால்கள் தொங்க அந்தரத்தில் உறங்கும். பெரும்பாலும் பல சேர்ந்து, அடுத்தடுத்த இரவுகளிலும் அதே தண்டுக்கே வரும். ஆகவே ஒருமுறை இடத்தைக் கண்டவருக்குத் தேடல் முடிந்தது. சிவப்பு உடலும் கருஞ்சிறகுமாய் இந்தக் கரையெங்கும் பறக்கும் ஹெக்டர் வண்ணத்துப்பூச்சி, தன் புழுப் பருவத்தில் ஈசுரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வது. பறவைகள் தொடாது என்ற தைரியத்தில் அது ஒளிந்து உறங்குவதில்லை, மாலையில் வெளியே தெரியும் சுள்ளிகளில் கூட்டமாகத் தொங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு திரளும் மஞ்சள் தும்பி, பந்தாலா, இன்னொன்று. மாலைதீவில் வாழ்ந்த கடலுயிரியலாளர் சார்ல்ஸ் அன்டர்சன், இவை இந்தியாவிலிருந்து மாலைதீவைக் கடந்து கிழக்கு ஆபிரிக்காவரை போகின்றன என்ற கருத்தை 2009இல் வெளியிட்டார். பகலெல்லாம் உட்காராமல் வானில் சுற்றும் இந்தத் தும்பியைப் பறக்கும்போது எடுக்க முயன்று பற்றரியைத் தீர்ப்பவர்கள் பலர். இருட்டியபின் அது சுள்ளியின் கீழ் செங்குத்தாகத் தொங்குவதைத் தேடினால், சிறகின் ஒவ்வொரு நரம்பையும் எண்ணி எடுக்கலாம்.

தூங்குவதை எழுப்புவதும் தொல்லைதானே என்பது நியாயமான கேள்வி. ஆம், தொல்லைதான். ஆகவே எல்லை வேண்டும். போகஸ் பார்க்கும் ரோச் லைற்றின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினால் தேனீக்கு அது அநேகமாக இருட்டு, ஏனெனில் தேனீக்களின் கண் சிவப்பை மிகக் குறைவாகவே உணரும். வண்ணத்துப்பூச்சிகளில் பலவற்றுக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும் என்பதால் ஹெக்டரிடம் இந்த உபாயம் பலிக்காது. அதை விளக்கில்லாமல், வெளிச்சம் மங்குமுன்னே எடுத்து முடிப்பதுதான் முறை. தண்டை வெட்டி வசதியான இடத்துக்குக் கொண்டுபோவது கூடாது. பக்கத்தில் ஒரு தடியை ஊன்றி, தண்டின் அடிப்பாகத்தை உடுப்புக் கிளிப்பால் அதோடு இணைத்தால் ஆட்டம் நின்றுவிடும். தூங்கும் பூச்சிகளின் படம் சலிப்பானது, அதில் வாழ்க்கையே இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். தாடையால் தண்டைக் கடித்து முழு உடலையும் தாங்கி உறங்குவது வாழ்க்கை இல்லாமல் வேறென்ன? இடையில் ஒரு வார்த்தை: இரவில் புல்லில் குப்புறப் படுத்து எடுக்கும் பாணி குளிர்நாட்டு நூல்களில் அழகாக இருக்கும். புடையனும் சுருட்டையும் திரியும் இந்த வறண்ட வலயத்தில் அது மடமை. குந்தியிருந்து, முழுச் சப்பாத்தோடு, வைக்கும் கையைப் பார்த்து வைத்து எடுக்க வேண்டும்.

கச்சான் காலத்தில் தண்டுகளை நம்ப முடியாது. நிலத்திலிருந்து இடுப்புயரத்தில் இருக்கும் எதுவும் இரவும் பகலும் ஆடும். ஆனால் காற்றின் வேகம் தரையை நெருங்க நெருங்கக் குறைந்து, தரையோடு கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. எனவே அந்த மாதங்களுக்குரிய பாடம் தரையில் இருக்கிறது. வீட்டுத் திண்ணையோரம், மழை படாத கூரைச் சரிவின் கீழ், பொடிமணலில் குழியானை தோண்டிய கூம்புக் குழிகள் வரிசையாக இருக்கும். அடியில் புதைந்து தாடையை மட்டும் விரித்துக் காத்திருக்கும் அந்தப் புழுவைப் போல அசையாத மாதிரி வேறெங்கும் கிடைக்காது. எறும்பு சரிந்து விழும்போது அது மணலை எற்றும், லென்ஸின் முகத்தில் மணல் படாமலிருக்க ஒரு வடிகண்ணாடி அவசியம். பூவில் பதுங்கும் நண்டுச் சிலந்தியும் வலையின் நடுவில் வெள்ளைப் பட்டினால் குறுக்குக்கோடு நெய்து வீற்றிருக்கும் சிலந்தியும் பதுங்கலையே தொழிலாகக் கொண்டவை. அவை காலை முதல் மாலை வரை ஒரே இடத்தில் இருக்கும், காற்று மட்டும்தான் எதிரி.

உப்பாற்றுக் கண்டல் ஓரங்களிலும் தம்பலகாமம் குடாவின் சேற்றிலும் ஒரு கை மட்டும் பெருத்த சிறு நண்டுகளை எடுக்கப் போகிறவர் அவற்றின் அசைவின்மையைத் தேடக்கூடாது. அங்கே அசையாமல் இருக்க வேண்டியது படக்காரர்தான். ஆள் நெருங்கியதும் எல்லாம் வளைக்குள் போய்விடும். உட்கார்ந்து கமெராவை நிலையாக வைத்து, கையைக்கூட ஆட்டாமல் சில நிமிடம் இருந்தால் ஒவ்வொன்றாக ஏறி வந்து, பெரிய கையைத் தூக்கி ஆட்டத் தொடங்கும். அதைப் பிடித்துத் தட்டில் வைத்து எடுத்தவருக்குக் கையைப் பொத்திக்கொண்டிருக்கும் நண்டுதான் கிடைக்கும். துறைமுகக் கரையோரம் பல இடங்கள் கடற்படையின் எல்லைக்குள் வருவதால், நீண்ட லென்ஸோடு குந்தியிருப்பவர் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவது நல்லது. நண்டைப் படமெடுக்கிறேன் என்பது அந்த இடத்தில் நம்பக்கூடிய விளக்கமாகப் படுவதில்லை.

வெளிச்சம் தனி விடயம். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரையிலும் ஆவணிக் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். வண்டின் ஓடும் முசுறின் தலையும் எண்ணெய் பூசியது போல மினுங்குபவை, தமக்கு முன்னிருக்கும் ஒளியின் உருவத்தை அப்படியே காட்டும். நேர்வெயிலில் எடுத்தால் ஒரு வெள்ளைப்புள்ளி, சுற்றிக் கரும்பள்ளம். ஒளிமூலம் சிறிதா பெரிதா என்பதை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை, அது எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 15 சென்ரிமீற்றர் அகல வெள்ளைத் திரை, பூச்சிக்கு 10 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால், அதற்கு அது பரந்த வானம். இதற்கு விலைகொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம். லஞ்ச் சீற்றை இரண்டாக மடித்து பிளாஷின் முன்னால் வளைத்துக் கட்டலாம், மெல்லிய ரெஜிபோம் தட்டு இன்னும் மென்மையான வெளிச்சம் தரும், சிறு பிளாஷுக்குக் கழுவிய யோகட் கோப்பை ஒன்றே போதும். திரை கிட்ட வரவரத் தேவைப்படும் வலு குறையும், வலு குறைய எரியும் நேரம் குறையும், நேரம் குறையக் காற்றாட்டமும் கைநடுக்கமும் படத்தில் தெரியாது. மழைக்குப்பின் மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சியின் சிவப்புக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அந்தச் சிவப்பு மற்ற நிறங்களுக்கு முன்னே நிரம்பி வழிந்து, வெல்வெற் மயிர்கள் ஒன்றாகிக் குழம்பிவிடும். ஒரு படி குறைத்தே எடுக்க வேண்டும்.

இது காசுக்காரர் வேலை என்ற ஆட்சேபனைக்கு ஓரளவு வலு உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. இறக்குமதியாகும் எந்த லென்ஸின் விலையும் அதற்குப்பின் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் 150, 180 மில்லிமீற்றர் விலையுயர்ந்த நெருக்க லென்ஸ்கள் உண்மையில் எதை விற்கின்றன என்று பார்க்க வேண்டும். அவை விற்பது தூரத்தை. விழித்திருக்கும் பூச்சியைக் கலைக்காமல் எட்ட நின்று எடுக்கும் வசதியை. பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றைத் திருப்பி, ஒரு வளையத்தின் உதவியோடு கமெராவில் மாட்டினால் 1:1ஐ நெருங்கிவிடலாம். சில விரற்கடை தூரத்துக்குள் போக வேண்டியிருப்பதுதான் குறை. தாடையால் கடித்துத் தூங்கும் தேனீக்கு அந்தத் தூரம் பொருட்டே இல்லை. வேளையைத் தெரிந்தவர், மற்றவர் பணம் கொடுத்து வாங்கும் தூரத்தைச் சும்மா பெறுகிறார். சாதாரண சூம் லென்ஸின் முன்னால் கவ்வவைக்கும் ரேநொக்ஸ் போன்ற உருப்பெருக்கியும் கைப்பேசியில் பொருத்தும் சிறு வில்லையும் இதே கணக்கில் வருபவை. கடற்காற்றின் உப்பும் ஈரப்பதனில் லென்ஸுக்குள் படரும் பூஞ்சையும்தான் இந்த ஊரில் உண்மையான செலவு. சிலிக்கா மணிகள் போட்ட, காற்றுப்புகாத சாப்பாட்டுப் பெட்டி அதற்கு மலிவான காவல்.

கடைசியாக, விஞ்ஞானத்தின் பக்கமிருந்து வரும் ஆட்சேபனை. படத்தை வைத்து இனம் சொல்ல முடியாது, பிடித்து ஊசியில் குத்திய மாதிரிதான் சான்று என்பார்கள். திருகோணமலைக்கு இந்த விவாதத்தில் ஒரு பழைய இடம் இருக்கிறது. 1890களின் தொடக்கத்தில் இங்கிருந்த பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி ஜோன் வில்லியம் யெர்பரி, குளவிகளையும் ஈக்களையும் தேனீக்களையும் ஏராளமாகச் சேகரித்தார். பூச்சியியலாளர் பீற்றர் கமரன் போன்றோர் அவற்றிலிருந்து புதிய இனங்களை விவரித்தார்கள். பிங்காம் எழுதிய, பிரித்தானிய இந்தியாவின் தேனீ, குளவி பற்றிய 1897ஆம் ஆண்டுத் தொகுதியில் திருகோணமலையின் பெயர் யெர்பரியின் பெயரோடு வருகிறது. சில சிறு ஈக்களையும் தேனீக்களையும் இன்றும் நுண்நோக்கியின் கீழ் உறுப்புகளைப் பிரித்துத்தான் இனங்காண முடியும். அந்த இடத்தில் படம் தோற்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மாதிரியும் சில இடங்களில் தோற்கும். தும்பி செத்ததும் அதன் கண்ணின் நீலமும் பச்சையும் சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். முசுறுச் சிலந்தி முன்காலை எப்படி ஆட்டியது என்பதை எந்த ஊசியும் சொல்லாது. தவிர, யெர்பரியின் காலம் போய்விட்டது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் இருக்கும் நாட்டில், அனுமதிப் பத்திரமில்லாத ஒருவர் வலையும் போத்தலுமாகத் திரிய முடியாது.

எனவே படத்தைச் சான்றாக்கும் பொறுப்பு எடுப்பவருடையது. அழகான ஒரு கோணம் மட்டும் போதாது. தும்பியென்றால் மார்பின் பக்கவாட்டுக் கோடுகள், சிறகு நரம்புகள், வால்நுனி உறுப்புகள் தெரியும்படி தனித்தனிப் படங்கள். வண்ணத்துப்பூச்சிக்குச் சிறகின் இரு பக்கமும். சிலந்திக்கு முகத்தில் கண்கள் அமைந்த ஒழுங்கும் வயிற்றின் மேலும் கீழும். உண்ணும் செடி தெரிந்தால் அதன் இலைக்கும் ஒரு படம். யெர்பரியின் மாதிரிகளுக்கு இன்றும் மதிப்பிருப்பது ஊசியில் குத்திய பூச்சிக்காக மட்டுமல்ல, அதன் கீழே செருகிய இடப்பெயர்த் துண்டுக்காகவும்தான். படத்துக்கும் அப்படித்தான் திகதி, இடம், நேரம், எந்த மரம், என்ன செய்துகொண்டிருந்தது என்பவை சேர வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் இவற்றோடு பதிந்த படத்தை வேறு நாட்டில் இருக்கும் வல்லுநர் பார்த்து இனம் திருத்த முடிகிறது. ஓய்வில் இருக்கும் பூச்சியிடம் இத்தனை கோணமும் எடுக்க நேரம் கிடைக்கும், துரத்திப் பிடிப்பவருக்கு ஒன்றே கிடைத்தால் பெரிய காரியம்.

இடத்தைச் சொல்வதில் ஒரு விலக்கு உண்டு. மாங்குளத்துப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு 2012இல் விவரிக்கப்பட்ட பொசிலோதேரியா ராஜேயி என்ற பெரும் மரச்சிலந்தி, கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரும். அதைத் தேடிய ஆய்வுக் குழுவுக்கு வழிகாட்டிய பொலிஸ் அதிகாரி மைக்கல் ராஜகுமார் புராஜாவின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. இந்தப் பேரினம் முழுவதும் வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையில் விலைபோவது. 2019இல் ஜெனீவாவில் கூடிய, சைற்றிஸ் என்ற சர்வதேச உயிரின வணிக உடன்படிக்கையின் மாநாடு அதன் வணிகத்தைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட சிலந்தி குடியிருக்கும் பாலை மரப்பொந்தையோ வீரை மரப்பொந்தையோ படமெடுத்தால், மாவட்டத்தின் பெயருக்கு மேல் எதையும் எழுதக்கூடாது. எழுதாவிட்டாலும் கைப்பேசி எழுதிவிடும். எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக்கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும், நண்பருக்கு அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகலாம். காட்டுக்குள் கால் வைக்குமுன் கமெராவிலும் கைப்பேசியிலும் அந்தப் பதிவை நிறுத்திவிட்டு, இடத்தைக் குறிப்புப் புத்தகத்தில் பேனையால் எழுதிக்கொள்வதே இப்போதைக்கு நம்பகமான முறை.